பெருவிரலில் தெரிந்த கல்லூரி

ஆர்.எஸ்.மங்கலம் கல்யாண மண்டபத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் எதுவும் இல்லை. இருந்தும் வாசலில் செருப்பு விட இடமில்லை. உள்ளே நூற்றைம்பது பெற்றோர். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் ஒரு பிள்ளை. பிள்ளைகள் எல்லோரும் விரல்களைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு வந்திருந்தார்கள். விரல் சுத்தமாக இருந்தால்தான் எதிர்காலம் தெளிவாகத் தெரியும் என்று நோட்டீஸில் போட்டிருந்தது.

நோட்டீஸில் இன்னும் நிறையப் போட்டிருந்தது. ‘உங்கள் குழந்தை டாக்டரா, என்ஜினீயரா, கலெக்டரா? பிறக்கும்போதே பெருவிரலில் எழுதியாகிவிட்டது! பள்ளிக்கூடம் முதல் பட்டப்படிப்பு வரை பத்தே நிமிடத்தில் வழிகாட்டி!’ மேலே கோட்டுப் போட்ட ஒருவரின் படம். கீழே டாக்டர் நாகேந்திரன் என்ற பெயர். எங்கே படித்த டாக்டர், எதற்கு டாக்டர் என்ற விவரம் இடம் போதாமல் விட்டுப்போயிருக்க வேண்டும்.

நம் பாட்டன்மார் எல்லாம் தலையில் எழுதியிருக்கிறது என்று நம்பினார்கள். ஆனால் அதை யாராலும் படித்துப் பார்க்க முடியவில்லை. நாகேந்திரன் அந்தச் சிரமத்தைப் போக்கினார். எழுத்தைத் தலையிலிருந்து விரலுக்கு இறக்கிவைத்து, பக்கத்தில் ஒரு லேப்டாப்பையும் வைத்துவிட்டார். கிளி சொன்னால் ஜோசியம். லேப்டாப் சொன்னால் சயின்ஸ். இந்த வித்தியாசம் தெரியாத ஆள் மங்கலத்தில் உண்டா?

முதலில் ஒரு விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பெயர், பள்ளிக்கூடம், தகப்பனார் தொழில், வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா, சொந்த வீடா. பிறகு ஒரு சின்னப் பெட்டியில் விரலை வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரியும். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு பக்கத்துக்குக் கலர் ரிப்போர்ட் வந்துவிடும். விரலைப் பார்க்கிறவருக்குச் சொந்த வீடு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் சின்னச்சாமி இருந்தார். பெரிய கண்மாய்ப் பாசனத்தில் வரப்பு வெட்டி, அறுப்புக் காலத்தில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு நாள் கூலியைக் கட்டிவிட்டு, எட்டாவது படிக்கும் மகள் மாலதியோடு உட்கார்ந்திருந்தார். மாலதிக்குக் கணக்கு நன்றாக வரும். மத்திய அரசு உதவித்தொகைக்கான திறனறித் தேர்வை எழுதச் சொல்லியிருந்தார் அவளுடைய ஆசிரியை. தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருடாவருடம் பணம் வரும். மாலதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தாள். பத்தாவதில் எவ்வளவு மார்க், பிளஸ் ஒன்னில் என்ன குரூப், அப்புறம் எந்தக் காலேஜ், ஹாஸ்டல் உண்டா, பஸ் எத்தனை மணிக்கு. பதின்மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்து யோசித்து எழுதியது.

நாகேந்திரன் ரிப்போர்ட்டைப் புரட்டினார். மாலதியின் மூளையில் கணக்குக்கு உள்ள இடம் பதினோரு சதவீதம்தானாம். கைத்திறன் எண்பத்தாறாம். “பத்தாவது போதும்யா, அதுக்கு மேல படிக்கவெச்சா பிள்ளைக்குத்தான் கஷ்டம். தையல் நல்லா வரும். நாங்களே ஆறு மாசக் கோர்ஸ் நடத்துறோம்” என்றார்.

சின்னச்சாமிக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. காலேஜ் பணத்துக்கு எங்கே போவது என்று அவர் பயந்துகொண்டிருந்த கேள்வியை ஒரு பெட்டி தீர்த்துவைத்துவிட்டது. தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் அது பள்ளிக்கூடத்துக்குப் போயாக வேண்டும். மாலதி அழவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா முருகம்மாள் ரேஷன் கடைக்குப் போனார். அங்கே அரிசி போடுகிறவர் வீரலட்சுமி. தினமும் இருநூறு விரல்களோடு மல்லுக்கட்டுகிற உத்தியோகம். ஈரக்கை என்றால் மெஷின் ஏற்காது, வேர்த்த கை என்றால் ஏற்காது, களை பிடுங்கித் தேய்ந்த கை என்றால் ஏற்கவே ஏற்காது. முருகம்மாளின் விரலை அன்றைக்கும் நாலு தடவை தள்ளிவிட்டது.

“எங்க குடும்பத்து வெரலே இப்படித்தான் போல. என் வெரலு அரிசி வாங்க ஏலல. எம்மக வெரலு படிக்க ஏலலயாம்” என்றார் முருகம்மாள்.

வீரலட்சுமி வரிசையை நிறுத்திவிட்டு விவரம் கேட்டார். கேட்டு முடித்ததும் அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. நூற்றைம்பது பிள்ளைகளில் ஒருத்தருக்காவது ரேகை பதியாமல் போனதா? போகவில்லை, மாலதி சொன்னாள் என்றார் முருகம்மாள். எல்லோருக்கும் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு.

“யக்கா, நானும் எத்தனையோ வருசமா இந்தக் கூத்தப் பாக்குறேன். ஒரே தடவையில எல்லா வெரலையும் எடுக்குற மெஷினு எங்கனயும் கிடையாது. ஞாயித்துக்கெழம நானும் வாரேன்.”

மக்களின் பேராதரவை முன்னிட்டு அடுத்த ஞாயிறும் அதே மண்டபத்தில் முகாம். சின்னச்சாமி தையல் கோர்ஸுக்கு முன்பணம் கட்டப் போயிருந்தார். வீரலட்சுமி மாலதியைக் கூட்டிக்கொண்டு தனியே வரிசையில் நின்றார். விண்ணப்பத்தில் பெயர் மகேஸ்வரி என்று எழுதினார். பள்ளி, ராமநாதபுரத்தில் இங்கிலீஷ் மீடியம். தகப்பனார், துபாயில் என்ஜினீயர். வீடு, மாடி வீடு. எழுதுகிறதில் என்ன கஞ்சத்தனம் என்று ஒரு காரையும் சேர்த்துவிட்டார். விரல் மட்டும் மாலதியுடையது. நாகேந்திரன் அவள் முகத்தைப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். அவர் பார்த்தது விண்ணப்பத்தை.

அரை மணி நேரம் கழித்து அவளை மேடையில் ஏற்றிவிட்டு நாகேந்திரனே மைக்கைப் பிடித்தார். மகேஸ்வரி என்ற இந்தக் குழந்தைக்குக் கணக்கு தொண்ணூற்று நாலு சதவீதம், விமானம் கட்டுகிற படிப்பு விரலிலேயே இருக்கிறது, தனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் இப்போதே சீட்டைப் பிடித்துவைக்கலாம் என்றார். மண்டபம் கைதட்டியது. பின்வரிசையில் இருந்த சின்னச்சாமியும் யார் பெற்ற பிள்ளையோ என்று தட்டினார். மேடையில் நிற்பது தன் மகள் என்று தெரிந்தபோது கை பாதியில் நின்றது.

வீரலட்சுமி மைக்கை வாங்கி இரண்டு ரிப்போர்ட்டையும் வாசித்தார். ஒரே பிள்ளை, ஒரே பத்து விரல். போன ஞாயிறு பதினொன்று, இந்த ஞாயிறு தொண்ணூற்று நாலு. ஒரு வாரத்தில் மூளை வளர்ந்திருக்கலாம் என்றார் நாகேந்திரன். அப்படியானால் பிறக்கும்போதே எழுதியாகிவிட்டது என்ற நோட்டீஸ் யாருடையது என்று கேட்டார் வீரலட்சுமி.

பிறகு, கூடவே வந்திருந்த முருகம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார். அவருடைய பெருவிரலை முதல் வரிசைக்காரர்களிடம் காட்டினார். கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது, ரேகை மருந்துக்கும் இல்லை. அந்த விரலைப் பெட்டியில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப்பில் சுழிசுழியாக அழகான ரேகை வந்து நின்றது.

கீழக்கரையிலிருந்து மகன் பர்வேஸோடு வந்திருந்த சீனி முகம்மது எழுந்தார். சவூதியில் வண்டி ஓட்டிவிட்டு லீவில் வந்தவர். பையனுக்கு டாக்டர் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. அவர் அதில் அச்சாகியிருந்த ரேகைப் படத்தை லேப்டாப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அதே சுழி. “என் மவன் வெரலும் இந்தம்மா வெரலும் ஒண்ணா இருக்கே டாக்டரே” என்றார்.

மண்டபம் முழுவதும் காகிதம் சலசலத்தது. பக்கத்துப் பிள்ளையின் ரிப்போர்ட்டை ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். அத்தனை பிள்ளைக்கும் ஒரே பெருவிரல். தையல் என்று வந்தவர்களுக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. கலெக்டர் என்று வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்தது. அதில் ஒருவர், நல்லபடியாகச் சொன்னதை மட்டும் நம்பிக்கொள்ளக் கூடாதா என்று வீரலட்சுமியிடமே வருத்தப்பட்டார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தபோது அதன் ஒயர் மேஜைவிரிப்புக்குள் போய் அங்கேயே முடிந்திருந்தது. சமையல்கட்டு வழியாக வெளியேறப் பார்த்த டாக்டரைச் சீனி முகம்மது கோட்டைப் பிடித்து உட்காரவைத்தார். கட்டிய பணத்தைத் திருப்பி வாங்கிய பிறகே போலீசுக்குச் சொன்னார்கள்.

சின்னச்சாமி இரண்டு ரிப்போர்ட்டையும் மடியில் வைத்துப் புரட்டினார். பழைய ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அவருடைய தொழில் எழுதியிருந்தது. ‘விவசாயக் கூலி.’

“அவன் ஒன் வெரலப் பாக்கல தாயி. என்னயப் பாத்துல்ல எழுதியிருக்கான்” என்றார் மகளிடம். பிறகு, “அந்தப் பரீட்சைத் தாள எங்கன வச்சிருக்க, எடு” என்றார்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அப்பனும் மகளும் வாசலில் நின்றார்கள். ஆசிரியை ஒரு மணி நேரம் செலவழித்தார். எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்கீடு, எந்தச் சான்றிதழை எப்போது வாங்கிவைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பச்சை விளக்கு எதுவும் எரியவில்லை. சின்னச்சாமி இடையிடையே கேள்வி கேட்டார். மாலதி தேர்வு எழுதிவிட்டு வந்து இரண்டு கணக்குத் தப்பு என்றாள். எந்த இரண்டு என்றும் சொன்னாள்.

நாகேந்திரன் ஜாமீனில் வந்துவிட்டார். இப்போது வேறொரு ஊரில் காது மடலைப் பார்த்து எதிர்காலம் சொல்கிறாராம். நல்ல கூட்டம் என்று கேள்வி. காதைக் காட்டப் புறப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு காதுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. போகும் முன் அதைக் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள். அதற்கு விண்ணப்பம் கிடையாது, கட்டணமும் கிடையாது.