மகான் துவைத்த குடல்

மூடிக்கிடந்த சினிமாக் கொட்டகைக்கு மறுபடியும் உயிர் வந்துவிட்டது. வாசலில் 'அரங்கு நிறைந்தது' பலகை. வரிசை தெருமுனை வரை போய், அங்கே இடமில்லாமல் வளைந்து திரும்பி வந்தது. ஓடுவது படமல்ல. உள்ளே ஒரு மகான் மனிதர்களின் குடலை வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். கத்தி இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை. ரசீதும் இல்லை.

முன்வரிசைக்கு ஒரு கட்டணம், பின்வரிசைக்கு ஒன்று. பால்கனியிலிருந்து குடல் சரியாகத் தெரியாது என்பதால் அங்கே தள்ளுபடி. நேர்மையான மனிதர்!

வங்கி மேலாளர் இரண்டு முறை கழுவிக்கொண்டாராம். ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் மூன்று முறை. அவர் தினமும் முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, "இது அறிவியலையே தாண்டின அறிவியல்" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு இலவசமாக விளக்குவார். முப்பது வருடமாக அவரிடம் படித்துப் போன பிள்ளைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இந்தக் கொட்டகைக்குள் ஒரு புதன்கிழமை காலையில் குடல்கடை அக்கா நுழைந்தாள். பக்தியால் அல்ல, தம்பியால்.

அக்காவுக்கு இறைச்சிச் சந்தையின் கடைசிக் கடை. இருபத்திரண்டு வருடமாக ஆட்டுக்குடல் சுத்தம் செய்து விற்கிறாள். தம்பி தையல்காரன். இரண்டு மாதத்தில் தன் கால்சட்டையைத் தானே நான்கு தடவை இடுப்பில் பிடித்துத் தைத்திருந்தான். அவ்வளவு இளைப்பு. சாப்பிட்டு அரைமணி நேரம் ஆனால் வயிற்றை முறுக்கி எடுக்கும் வலி. வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்தான். பிறகு தட்டைப் பார்த்தாலே எழுந்து போனான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மடிப்பு மடிப்பாகக் குடல். அதை முதுகுப்பக்கத்தோடு பிடித்துவைத்திருக்கும் விசிறி மாதிரி ஒரு சவ்வு.

"இது எனக்குத் தெரியும்!" என்றாள் அக்கா. "தினமும் நாப்பது உரிக்கிறேன். இதுக்குள்ள சிவப்பா ஓடும், நீலமா ஓடும். சில சமயம் பால் மாதிரி மெல்லிசா கோடு தெரியும். நடுவுல அவரைக்கொட்டை மாதிரி கட்டி கட்டியா இருக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சிவப்பு, குடலுக்கு ரத்தம் கொண்டு வர்ற குழாய். நீலம், சத்தை எடுத்துக்கிட்டுக் கல்லீரலுக்குப் போறது. பால் கோடு நிணநீர்க் குழாய், சாப்பாட்டுல இருக்கிற கொழுப்பு அது வழியா போகும். அந்தக் கொட்டைங்க நிணநீரை வடிகட்டுற முடிச்சு. நரம்பும் அந்த விசிறி வழியாத்தான் வருது. உங்க தம்பிக்கு அந்தச் சிவப்புக் குழாய் சுருங்கியிருக்கு. சாப்பிட்டா குடலுக்கு ரத்தம் கூட வேணும். வரலைன்னா வலிக்குது. வியாழக்கிழமை காலையில வந்து படுக்கையில சேருங்க, குழாயை விரிச்சுவிடலாம். முழுசா அடைச்சுக்கிட்டா குடல் செத்துப்போகும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அக்காவுக்கு இது ஒரே தடவையில் புரிந்தது. தம்பி பெண்டாட்டிக்கு ஏழு தடவை சொல்லியும் புரியவில்லை.

"அண்ணி, ஆஸ்பத்திரியில குழாயை விரிக்கிறாங்களாம். மகான் குடலையே கழுவிடறார். எது பெரிசு?"

"ஏம்மா, வீட்டுக்குத் தண்ணி வரலைன்னா குழாயைப் பார்ப்பியா, குடத்தைத் தேய்ப்பியா?"

"ஏழு கழுவல் முடியற வரைக்கும் டாக்டர்கிட்டப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டார் அண்ணி. நாளைக்கு இவரு ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாரு. இன்னைக்கு முதல் கழுவல். ரத்த சொந்தம் ஒருத்தர் பேசின் பிடிக்கணுமாம். நான் கட்டிக்கிட்டு வந்தவ, ஆகாது. நீங்கதான் வரணும்."

அக்கா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிட்டாள்.

மேடையில் ஒரு நீள மேசை. தம்பி மல்லாக்கப் படுத்திருந்தான். அவன் முகத்துக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு துணித் திரை. வயிற்றின்மேல் தடிமனான ஒரு டர்க்கி டவல். குடல் வெளியே வரும்போது சளி பிடித்துவிடக் கூடாதே!

மகான் கண்ணை மூடினார். டவலுக்கு அடியில் கையை விட்டார். ஒரு உதறு. வழவழவென்று குடல் வெளியே வந்தது. கொட்டகை முழுக்க "ஆஆ!" பேசினில் விழுந்த குடலை மகான் பிழிந்தார். கறுப்பாக, உருண்டை உருண்டையாக ஏதோ உதிர்ந்தது.

"பாவம்!" என்று அறிவித்தார் மகான். "பல பிறவிப் பாவம்!"

சிஷ்யர் ஒருவர், மீசையும் தொப்பையுமாக, உருண்டைகளைச் சின்னச் சின்னத் துணியில் முடிந்து முன்வரிசைக்கு விநியோகித்தார். வாத்தியார் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அக்கா பேசினுக்குள் எட்டிப் பார்த்தாள். விசிறி உரித்த குடல். சிவப்பு, நீலம், பால் கோடு, கொட்டை எதுவும் இல்லை. ஆனால் விற்றவன் உள்ளே இருந்ததைப் பிழிந்து எடுத்திருக்கவில்லை. சந்தையில் அரைவிலைக்குப் போகும் அரைகுறை வேலை.

"மகானே, இது ஆட்டுப் புழுக்கை" என்றாள்.

கூட்டம் மூச்சுவிட மறந்தது. மகான் மறக்கவில்லை.

"உன் தம்பி போன பிறவியில் ஆடு, தாயே."

"ஓஓ!" என்றது கொட்டகை. தம்பி பெண்டாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அதான் கீரைன்னா உயிரை விடறாரு!"

வாத்தியார் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"சரி, ஆடாவே இருக்கட்டும். குடலைப் பிடிச்சிருக்கிற விசிறி எங்கே? ரத்தக் குழாய் அத்தனையையும் அறுத்தா வெளியே எடுத்தீங்க? திரும்ப யாரு ஒட்டறது?"

"அறுபடவில்லை! கண்ணுக்குத் தெரியாத உயிர்நரம்பு இன்னும் இணைந்திருக்கிறது. இங்கே தொட்டால் அங்கே தெரியும். பார்!" மகான் குரலை உயர்த்தினார். "மகனே! இதோ குளிர்ந்த நீரில் முக்குகிறேன்!"

"ஐயோ, ஜில்லுங்குது மகானே!" என்றான் தம்பி திரைக்கு அந்தப் பக்கம்.

"இதோ தேய்க்கிறேன்!"

"கூசுது! கூசுது!"

கைதட்டலில் கொட்டகைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. அக்கா மட்டும் தட்டவில்லை. மகான் முதலில் சொல்கிறார், பிறகு தொடுகிறார். சொல்லாமல் தொட்டால்?

பேசினைத் தரையில் வைத்தாள். குடலின் ஒரு நுனியைக் காலால் மிதித்தாள். மறுநுனியை இரண்டு கையாலும் பிடித்து, இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு ஒரு இழு இழுத்தாள். குடல் ரப்பர் மாதிரி நீண்டது. கூட்டம் அலறியது. தம்பி பெண்டாட்டி கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக ஒரு குரல். "என்ன சத்தம்? முடிஞ்சிடுச்சா?"

அக்கா குடலைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினாள். பிறகு கத்தினாள்.

"தம்பி, இப்ப உன் குடலை இழுக்கறேன்டா!"

"ஐயோ அக்கா! விடுக்கா! உயிர் போகுது! அம்மாஆஆ!"

மேசை ஆடியது. பால்கனியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

வாத்தியார் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு... ஒரு தடவை நானும் பார்க்கலாமா?" என்றார். மேடைக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "தம்பி, உங்க குடல்ல முடிச்சு போடறேன்" என்றார்.

"முடிச்சு விழுது! இறுக்குது! அவிழ்த்துவிடுங்க சார்!"

இப்போது சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது.

"அவநம்பிக்கை!" என்று கர்ஜித்தார் மகான். "இந்தப் பெண்ணின் அவநம்பிக்கையால் உயிர்நரம்பு குழம்பிவிட்டது!"

"குழம்பட்டும்" என்று அக்கா டவலை உருவினாள். தம்பியின் வயிறு, தொப்புளோடு, முழுசாக, கீறல் இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு பாலித்தீன் பை. உள்ளே இன்னும் இரண்டு குடல், அடுத்த இரண்டு பக்தர்களுக்கு.

வாத்தியார் தன் துணி முடிச்சைப் பிரித்து, புழுக்கையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். கரைந்தது. மேலே புல் மிதந்தது. நோட்டில் மூன்று பக்கத்தைக் கிழித்தார்.

சிஷ்யரைக் காணோம். கல்லாப்பெட்டியையும் காணோம். மகான் பக்கவாட்டுக் கதவை நோக்கி நடந்தார், பிறகு ஓடினார். வங்கி மேலாளர் துரத்திய வேகத்தைப் பார்த்தால் குடல் நல்ல நிலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

தம்பி மேசையில் எழுந்து உட்கார்ந்தான். தரையில் கிடந்த குடலைப் பார்த்தான்.

"நெஜமாவே வலிச்சுதுக்கா. நான் நடிக்கலை."

"தெரியும்டா. வலிக்கும்னு ஒருத்தன் சொன்னான், உனக்கு வலிச்சுது. ஆனா சாப்பிட்டு அரைமணியில ஒரு வலி வருதே, அதை யாராவது மைக்கில அறிவிக்கிறாங்களா?"

தம்பி யோசித்தான். இடுப்பில் நழுவிய கால்சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல. அது சொல்லாம வருது."

"அதுதான் உன் வலி. அதுக்குத்தான் நாளைக்குப் படுக்கை."

தம்பி பெண்டாட்டி மூக்கைத் துடைத்தபடி வந்தாள். "அண்ணி, காலையில எத்தனை மணிக்கு வரணும்னாங்க?"

மறுநாள் காலை அக்கா கடை திறக்கவில்லை. தம்பியை உள்ளே அழைத்துப் போனார்கள். இரண்டு மணிநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, குழாய் விரிந்துவிட்டது, ரத்தம் போகிறது என்றார். பத்து நாள் கழித்து அவன் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டான். அரைமணி ஆனது. முக்கால் மணி ஆனது. எல்லாரும் அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இன்னொரு தட்டு கேட்டான்.

பக்கத்து ஊரில் இப்போது ஒருவர் மூளையைக் கழற்றித் துவைக்கிறாராம். வரிசை தெருமுனை வரை நிற்கிறதாம். போகிறவர்கள் போங்கள். அங்கே படுத்துக்கொண்டு, "வலிக்கிறது" என்று மேடையில் ஒருவன் சொன்னதும் கத்துவதற்கு முன்னால், சொல்கிறவன் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் சட்டைப்பையில் இருக்கும்.