மூத்தவனுக்கு வந்த சம்பந்தம்

இந்த வருடம் ஒரு முடிவையாவது நானே எடுப்பது என்று முடிவெடுத்தேன். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இது என் முதல் முடிவு. இனி எப்போது வாய்க்குமோ என்று கொஞ்சம் பெரிதாகவே எடுத்துவிட்டேன். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளைப் பாம்பு பிறந்தே ஆகவேண்டும்.

பயப்படாதீர்கள். விஷமில்லாத சோளப்பாம்பு. பாரிஸ் லா சப்பலில், நாலாம் மாடியில், மகள் மிருணாளினி லியோனுக்குப் படிக்கப் போனதும் காலியான சின்ன அறையில் பெட்டிகளில் வைத்து வளர்க்கிறேன். உலகத்தில் நான் சொல்லி யாராவது கேட்கிறார்கள் என்றால், அந்த அறைக்குள்தான். பாம்புக்குக் காது இல்லை என்பது வேறு விஷயம்.

என் மனைவி கலாவதி கலியாணம் பேசுகிறவள். பாரிசில் அவள் சேர்த்துவைத்த சோடிகள் நாற்பத்தொன்று. ஒன்றும் பிரியவில்லை. பிரிய அவள் விடவில்லை.

2011இல் ஆர்ஜொந்தெய்யில் யோன் என்ற பிரெஞ்சுக்காரனிடம் ஒரு சிவப்பு ஆணும் ஒரு சாம்பல் பெண்ணும் வாங்கினேன். அவை பெற்றதெல்லாம் சாதாரண மண்ணிறக் குட்டிகள். அவற்றில் முதலில் வந்த ஆணுக்கு மூத்தவன், கடைசியில் வந்த பெண்ணுக்கு இளையவள் என்று பெயர் வைத்தேன். யோன் விளக்கினான். தகப்பனிடம் கறுப்பு இல்லை, அதனால் சிவப்பு. தாயிடம் சிவப்பு இல்லை, அதனால் சாம்பல். அந்த இரண்டு குறையும் குட்டிகளுக்குள் ஒளிந்திருக்கும், வெளியில் தெரியாது. அப்படி ஒளித்துவைத்திருக்கும் இருவர் சோடி சேர்ந்தால், சில சிவப்பாகவும் சில சாம்பலாகவும், பதினாறில் ஒன்று இரண்டு நிறமும் இல்லாமல் வெள்ளையாகவும் பிறக்கும். எனக்கு இது விளங்க மூன்று மாதம் பிடித்தது. கலாவதிக்கு ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரம் போதும்.

"உது எனக்குத் தெரிஞ்ச கதைதானே" என்றாள். "ரெண்டு பகுதியிலையும் ஒளிச்சிருந்தால் பிள்ளையிலை வெளியிலை வரும். அதுக்குத்தானே நான் மூண்டு தலைமுறை விசாரிக்கிறனான். சரி, ஆரை ஆருக்குச் செய்யப் போறியள்?"

"மூத்தவனை இளையவளுக்கு."

கோப்பை மேசையில் இறங்கிய சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணனுக்குத் தங்கச்சியையோ?"

"பாம்பெல்லே!"

"பாம்பெண்டால்? என்ரை வீட்டுக்குள்ளை உந்த அநியாயம் நடந்தால், நாளைக்கு ஆர் என்னை நம்பிப் பொம்பிளை தருவினம்?"

"அதுகளுக்கு முறை தெரியாது."

"உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். அவள் விரலை மடக்கினால் எங்கேயோ ஒரு மணவறை தயாராகிறது என்று அர்த்தம்.

"சிவப்பனுக்கு அதே சிவப்பிலை ஒரு தங்கச்சி இருந்ததெல்லே. அதை ஆர் வாங்கினது?"

"வாமதேவன்."

"அதுக்குப் பிள்ளையள்?"

"ஒரு சாம்பலோடை விட்டவன். ஒரு பெட்டைக் குட்டி நிக்குது."

"தகப்பன்ரை தங்கச்சியின்ரை மகள்! மூத்தவனுக்கு உரிமை மச்சாள். அவளும் ரெண்டையும் ஒளிச்சு வைச்சிருப்பாள். முறையும் சரி, நிறமும் சரி. பேசி முடிக்கவோ?"

கூடாது. வாமதேவன் என்னோடு ஒரே உணவகத்தில் வேலை செய்கிறவன், சார்செலில் இருக்கிறவன், "உனக்கு உது சரிவராது குகன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னவன். பெண் அவன் வீட்டில் இருக்கிறாள். முட்டை அங்கேதான் இடுவாள். என் வெள்ளை அவன் வீட்டில் பிறக்கும். செத்தாலும் கூடாது.

"அப்ப ஒண்டு செய்வம்" என்றாள் கலாவதி. "வெள்ளை பிறந்தால் சின்ன அறை உங்கடை, நான் வாய் திறக்கமாட்டன். பிறக்காட்டி பாம்பெல்லாம் வெளியிலை, அறை எனக்கு. ரெண்டு பகுதியையும் குசினிக்குள்ளை இருத்திக் கதைச்சு எனக்கு மானம் போகுது. ஆனால் அண்ணன் தங்கச்சி இல்லை. சொல்லுங்கோ."

"இல்லை" என்றேன். "யோனிட்டை ஒரு ஆண் இரவல் எடுப்பன்."

பொய். சாமிப் படத்துக்கு நேரே நின்று சொன்ன சுத்தமான பொய். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லது" என்றாள். அந்த நல்லதில் ஏதோ இருந்தது. நான் தேடிப் பார்க்கவில்லை.

சோளப்பாம்புக்கு இரண்டு மாதம் குளிர் காட்டினால்தான் வசந்தத்தில் சோடி சேரும். 2014 டிசம்பரில் மூத்தவனையும் இளையவளையும் தனித்தனிப் பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டி, கட்டடத்தின் நிலவறையில் எங்கள் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். மாசிக் கடைசியில் மேலே கொண்டுவந்தேன். மூத்தவன் கொஞ்சம் மெலிந்திருந்தான். குளிர் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள். உணவகத்தில் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை ஓய்வு. கலாவதி ரூ பெர்தொனே தெருவுக்கு, நகைக்கடையில் ஒரு பெண்ணின் தாயைச் சந்திக்கப் போயிருந்தாள். ஓட்டமாக வீட்டுக்கு வந்து, மூத்தவனைத் தூக்கி இளையவளின் பெட்டிக்குள் விட்டேன். அவன் நாக்கை நீட்டினான். அவள் நகர்ந்தாள். அவன் தொடர்ந்தான். அந்த நேரம் பார்த்து வாசல் கதவு திறந்தது.

கலாவதி. கூடவே பெண்ணின் தாய். இருவரும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மெல்லிய சுவர். உள்ளே நான், வியர்வை, ஓர் அண்ணன், ஒரு தங்கை. சுவருக்கு அந்தப் பக்கம் கலாவதி, "எங்கடை பக்கம் ஒழுக்கத்திலை ஒரு சொல்லுக் கேளாது" என்று யாரோ ஒரு பையனுக்காக உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கதவில் தட்டு.

"என்னப்பா செய்யிறியள் உள்ளுக்கை?"

"சாப்பாடு குடுக்கிறன்!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் இல்லை. அது கலாவதியின் சட்டம். பாம்புகளுக்கும் சேர்த்துத்தான். எலி வியாழனுக்கோ சனிக்கோதான்.

"தண்ணி! தண்ணி குடுக்கிறன்!"

"ஆறுதலாக் குடுங்கோ" என்றாள். கைப்பிடி அசையவில்லை. காலடி திரும்பிப் போனது. நான் திரும்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் காரியம் முடிந்திருந்தது.

ஜூனில் இளையவள் பதினாறு முட்டை இட்டாள். பதினாறு! பதினாறில் ஒன்று! கணக்குப் பார்த்தே இட்டிருக்கிறாள் என்று அவளைக் கும்பிடாத குறை.

"யோன் வீட்டு மாப்பிள்ளை கெட்டிக்காரன்தான்" என்றாள் கலாவதி.

அடுத்த அறுபது நாளும் நான் மனிதனாக இல்லை. முட்டைக்கு இருபத்தெட்டுப் பாகை சூடு வேண்டும், கூடினால் அவிந்துவிடும். ஜூலையில் பாரிஸ் முப்பத்தெட்டுக்கு ஏறியது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ஈரத் துவாயும் கையுமாக அந்த அறையிலேயே கிடந்தேன். ஒரு முட்டை சற்றுச் சுருங்கியது. நானும் சுருங்கினேன். லீவு முடிந்து போனபோது உணவகத்தில் வாமதேவன் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சல், பொறாமை என்று சந்தோசப்பட்டேன்.

ஒருநாள் கலாவதி அளவு நாடாவோடு உள்ளே வந்து யன்னலை அளந்தாள்.

"ஏன் அளக்கிறீர்?"

"திரைச்சீலைக்கு."

"வெள்ளை பிறந்தால் அறை என்ரையெல்லே?"

"ஓமோம். சும்மா அளந்து வைக்கிறன்."

நான் முட்டைகளை இன்னொருமுறை எண்ணினேன்.

ஓகஸ்டில் ஒரு ஞாயிறு காலை முதல் முட்டையில் கீறல் விழுந்தது. ஒரு மூக்கு. பிறகு தலை. மண்ணிறம். பரவாயில்லை. இரண்டாவது மண்ணிறம். நாலாவது மண்ணிறம். எட்டாவது வரும்போது நான் முழந்தாளில் நின்றேன். கலாவதி பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு. பதினைந்து. பதினாறாவது முட்டை மூன்று மணி நேரம் அசையவில்லை. நான் சாப்பிடவில்லை. கடைசியில் அது கிழிந்தது. ஒரு வால் வெளியே வந்தது.

மண்ணிறம்.

கொஞ்ச நேரம் அழுகை வரும்போல இருந்தது. பிறகுதான் மூளை வேலை செய்தது. வெள்ளை வராதது துரதிர்ஷ்டம், சரி. ஆனால் ஒரு சிவப்புக்கூட இல்லை. ஒரு சாம்பல்கூட இல்லை. மூத்தவன் தகப்பன் என்றால் அவையாவது நாலைந்து வந்திருக்க வேண்டும். தகப்பன் வேறு!

"கலாவதி! இதிலை ஏதோ மோசடி நடந்திருக்கு!"

"என்ன மோசடி? யோன் வீட்டு ஆளின்ரை பரம்பரையிலை அந்த நிறங்கள் இல்லையாக்கும்."

"யோன் வீட்டு ஆளே இல்லை! இது மூத்..."

வாயை மூடினேன். பிந்திவிட்டது. முருங்கை ஆய்ந்த கை நின்றது.

"ஆரெண்டு சொன்னியள்?"

"மூத்தவன்" என்றேன்.

"மூத்தவன் தையிலையே சார்செலுக்கு, மச்சாளிட்டைப் போட்டான். நான்தான் கொண்டு போனனான். ரயிலிலை, பைக்குள்ளை வைச்சு, மடியிலை. நல்ல பிள்ளை, ஒரு அசுமாத்தம் இல்லை."

"உமக்குப் பாம்பெண்டால் பயமெல்லே!"

"எத்தினை சம்பந்தக்காரரைச் சமாளிச்சனான். இது என்ன?"

"அப்ப மூத்தவன்ரை பெட்டிக்குள்ளை இருக்கிறது?"

"வாமதேவண்ணையிட்டை நிண்ட ஒரு தனியன். வேறை குடும்பம். விசாரிச்சுத்தான் எடுத்தனான், ஒரு ஒளிப்பு மறைப்பும் இல்லாத ஆள். நீங்கள் பெட்டியிலை எழுதினதை வாசிச்சியளே தவிர, பாம்பைப் பாக்கேல்லை."

"என்னை நம்பேல்லையோ நீர்?"

"நீங்கள் இரவல் மாப்பிள்ளை எண்ட அண்டைக்கே யோனுக்கு ரெலிபோன் எடுத்தனான். அவனிட்டை இப்ப ஆண் பாம்பே இல்லையாம். நான் விசாரிக்காமல் ஒரு சம்பந்தமும் செய்யிறேல்லையப்பா."

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். அறை போயிற்று. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

"மூத்தவன் அங்கை... என்ன மாதிரி?"

கலாவதி கைத்தொலைபேசியை நீட்டினாள். வாமதேவனின் உள்ளங்கை. அதில் பாலில் தோய்த்த நூல் துண்டுபோல இரண்டு குட்டிகள். இளஞ்சிவப்புக் கண். இரண்டு! நான்கு வருடமாக நான் கனவில் கண்ட அதே வெள்ளை. அவ்வளவு அழகு.

"எழும்புங்கோ" என்றாள் கலாவதி. "குளிச்சிட்டு அந்த நீலச் சேட்டைப் போடுங்கோ."

"எங்கை போக?"

"இண்டைக்கு அதுகளுக்கு முப்பத்தோராம் நாள், வாமதேவண்ணை வீட்டிலை பிள்ளை பிறந்த துடக்குக் கழிவு. நாங்கள் பிந்திப் போகக்கூடாது, மாப்பிள்ளை பகுதியெல்லே!"