நாக்கில் துணி சுற்றிய மணி

சிறுவாச்சூர்,
1948, ஆவணி.

சிரஞ்சீவி தம்பி சாமிதுரைக்கு, அண்ணன் அரியமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் படுத்தபடியே சுகம். நீ மூங்கில் குழாயில் செருகிக் கொடுத்த பென்சிலைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். காகிதம் ஈரமாக இருந்தால் ஊரில் மழை என்று நினைக்காதே. ‘நிற்க’ என்று எழுதுவது கடித மரியாதை. எனக்கு அது சரிப்படாது என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாமல் கிடக்கிறானே, தாகம் எடுத்தால் யாரையாவது கூப்பிடட்டும் என்று உத்தரத்தில் மணி கட்டி, உருளையில் கயிறு விட்டு, கயிற்று நுனியில் நான் கடித்து இழுக்க ஒரு கட்டையும் வைத்துக் கொடுத்தாய். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊர் ஆத்தா கோயில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும் என்பதை நீயும் மறந்தாய், நானும் மறந்தேன். புதன்கிழமை பகலில், அக்கா செங்கமலம் கடலைக் கொல்லைக்குப் போயிருந்த நேரம், தாகத்தில் மணி அடித்தேன். நடை சாத்திய நாளில் மணியா என்று தெருவே ஓடிவந்தது, வந்து பார்த்தால் நான் கட்டையைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறேன், “ஆத்தா அரியமுத்து மேல வந்துட்டாடி” என்று எதிர்வீட்டுக் கலியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், நான் கட்டையைத் துப்பிவிட்டு “தண்ணி குடுங்க” என்றேன், உடனே ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வேப்பிலையோடு என் தலையில் கொட்டினார்கள். குடிக்க ஒரு வாய் தரவில்லை.

“எம் மவளுக்கு எப்ப வரன் அமையும், சொல்லு ஆத்தா” என்றாள் கலியம்மாள்.

“நான் ஆத்தா இல்லீங்க, அரியமுத்துதான்.”

“அப்படித்தான் சொல்லுவா” என்று கூட்டத்தில் நின்ற பிச்சைமுத்து சூடம் ஏற்றினார்.

அதிலிருந்து மணி அடித்தால் கூட்டம். மாடு காணோம், மருமகள் பேச மாட்டேன் என்கிறாள் என்று கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். என் முதுகுக்கு அடியில் தேங்காய்ச் சில்லு கிடந்தது, அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். கோபத்தில் மணியின் நாக்கில் துணி சுற்றச் சொல்லிவிட்டேன். இப்போது இழுத்தாலும் சத்தமில்லை. தாகத்தை அக்கா வரும்வரை பொறுத்துக்கொள்கிறேன். நிம்மதியாக இருக்கிறது. மணி இனி வேண்டாம். எப்போதாவது வரும்போது கழற்றிக்கொண்டு போ. இதற்காக வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

கோயிலில் இருக்கும் நிஜ ஆத்தா உன்னையும் உன் சம்சாரம் ஜானகியையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் அரியமுத்து

பின்குறிப்பு: அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். துணி சுற்றிய பிறகு ஒருவரும் வருவதில்லை. கலியம்மாள் மகளுக்கு வரன் அமைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. நேற்று தாகமே இல்லாமல் பகல் முழுக்க இழுத்துப் பார்த்தேன். அவிழ்க்கச் சொல்லி அக்காவிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, என் வாயோ அவ்வளவு உயரம் எட்டாது. நீ உடனே புறப்பட்டு வந்து அந்தத் துணியை அவிழ்த்துவிடு.