வைட் ஆங்கிளில் எங்கள் வீட்டு ஹால்

இருபத்தெட்டா, முப்பத்தைந்தா? வெள்ளிக்கிழமைக்குள் முடிவு கட்டியே தீருவது என்று திங்கட்கிழமை காலை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாயில் நுரையோடு எடுத்த சபதம். சும்மா விடுவேனா?

என்னிடம் ஒரு ரஷ்யக் கேமரா இருக்கிறது. அம்மிக்கல் கனம். கூடவே வந்த லென்ஸ் ஐம்பத்தெட்டு எம்.எம். நல்ல லென்ஸ்தான், கொஞ்சம் குறுகிய மனசு. கல்யாணத்தில் மாப்பிள்ளையை எடுத்தால் பொண்ணு வெளியே நிற்கும். நான் வேலை பார்க்கும் சுரங்கத்தில் மண் வெட்டுகிற அந்த ராட்சத மிஷினை, விழா நாளில் அனுமதி வாங்கிப் படமெடுத்தேன். தலை விழுந்தது, வால் விழவில்லை. எங்கள் இன்ஜினீயர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் ராட்டினம்?" என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு வைட் ஆங்கிள் பைத்தியம்.

என்னோடு ஷிப்ட் பார்க்கும் ராயப்பனின் தம்பி கிறிஸ்துமசுக்கு சிங்கப்பூரிலிருந்து வருகிறான். லென்ஸ் வாங்கி வருவான். இருபத்தெட்டு எம்.எம்.மா, முப்பத்தைந்து எம்.எம்.மா, எது வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தபாலில் எழுதியாக வேண்டும்.

"முப்பத்தஞ்சு வாங்குங்க சார். கோணலில்லாம வுழும்" என்றார் ராயப்பன், செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை, "ராவெல்லாம் யோசிச்சிகினு இருந்தேன் சார். இருபத்தெட்டுதான். இன்னும் அகலமாப் புடிக்கும்."

வியாழக்கிழமை காலை, "முப்பத்தஞ்சே தேவலையோ சார்?"

இதைவிடப் பெரிய கண்டம் வீட்டில் காத்திருந்தது. என் மனைவி காந்திமதி. அவள் தலையாட்டாமல் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் ஒரு குண்டூசிகூட நுழையாது. ஆனால் நான் லேசுப்பட்டவனா? லென்ஸே வீட்டுக்காகத்தான் என்று சொல்லிவிடுவது என்று திட்டம் போட்டேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. இந்தச் சின்ன வீடுதான் என் கோட்டை. தைப்பூசம் வந்தால் போதும், பக்கத்திலிருக்கும் வடலூரில் ஜோதி பார்க்க எல்லா ஊர் சொந்தக்காரர்களும் டவுன்ஷிப்பில் வந்து இறங்குவார்கள். எங்கள் பிளாக்கே சத்திரமாகிவிடும். என் வீடு மட்டும் தப்பும். எப்படி? சங்கரன்கோவிலில் இருக்கும் மச்சான் சோமசுந்தரத்துக்கு முன்கூட்டியே கைப்பட எழுதிவிடுவேன்: 'வீடு தீப்பெட்டி. காலை நீட்டினால் சுவர் இடிக்கிறது.' ஏழு வருஷமாக இதே கடிதம்தான். "எங்கண்ணன் ஏழு வருஷமா எம் வாசப்படி மிதிக்கலை" என்று காந்திமதி மூக்கைச் சிந்தும்போதெல்லாம் நான் பேப்பர் படிப்பேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சை எடுத்தேன்.

"காந்தி, நம்ம ஹாலை ஒரு படம் எடுக்கணும்னு ஆசை."

"எடுங்க. யாரு கையப் புடிச்சா?"

"இந்த லென்ஸ்ல ரெண்டு நாற்காலிதான் விழும்."

"பின்னாடி போங்க."

"பின்னாடி சுவரு!"

"அப்ப வெளிய போய் ஜன்னல் வழியா எடுங்க."

"கம்பியெல்லாம் விழும்டி. ஜெயில் மாதிரி இருக்கும்."

"உள்ளது உள்ளபடி விழட்டுமே."

விடுவேனா? நாற்காலி மேல் ஏறாத குறையாக விளக்கினேன். "வைட் ஆங்கிள்னா நாலு மூலையும் விழும். எதிர்ச்சுவரு எங்கயோ தூரத்துல போய் நிக்கும். நம்ம ஹாலு கல்யாண மண்டபம் கணக்கா இருக்கும்!"

அரிவாள்மணையில் கத்தரிக்காய் பாதியில் நின்றது.

"எவ்வளவு பெருசாத் தெரியும்?"

"முப்பத்தஞ்சுல சுமாரா. இருபத்தெட்டுல ஹாலுக்குள்ள பஸ்ஸே விடலாம்!"

"அப்புறம் எதுக்கு முழிச்சுக்கிட்டு? இருபத்தெட்டே எழுதுங்க."

ஆகா! ராயப்பனும் நானும் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டதை ஒரு கத்தரிக்காய் நேரத்தில் முடித்துவிட்டாள். கடிதம் மறுநாளே பறந்தது.

கிறிஸ்துமசுக்கு லென்ஸ் வந்தது. கேமராவில் திருகி, கண்ணை வைத்தேன். உலகமே அகலமாகிவிட்டது! முதல் படம் ஹால்தான் என்று காந்திமதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கட்டிலை வெளியே தூக்கிப் போட்டாள். பீரோவை ரூமுக்குள் தள்ளினாள். எதிர்ச்சுவரோரம் குழந்தை நாற்காலி ஒன்றை மட்டும் வைத்தாள். "கதவு மூலையில குந்துங்க. இன்னும் கீழ. ம், இப்ப எடுங்க." இவளுக்கு இவ்வளவு கலையார்வமா என்று எனக்கு மெய் சிலிர்த்தது.

பிரிண்டைப் பார்த்தால், அடேயப்பா, ராஜ தர்பார்! ஒரு பிரதி கேட்டாள். நான் நாலு கொடுத்தேன்.

லென்ஸ் மும்முரத்தில் அந்த வருஷம் மச்சானுக்குக் கடிதம் தாமதமாகிவிட்டது. பொங்கலுக்கு முன்னால் வழக்கமான தீப்பெட்டியை எழுதி, ஒட்டித் தபாலில் போடச் சொல்லி அவளிடமே கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் காலை ஷிப்ட் முடிந்து வருகிறேன். வாசலில் செருப்பு மலை. உள்ளே மூட்டை, முடிச்சு, குஞ்சு, குளுவான். நடுவில் மச்சான் சோமசுந்தரம், ஒரு கையில் என் கடிதம், மறு கையில் என் படம்.

"என்ன மாப்ளே! தீப்பெட்டின்னு எழுதிப்புட்டு, கவருக்குள்ள அரமனைப் படத்த வச்சு அனுப்புதீய! ஒங்க தமாஷே தமாஷு. இந்த வருசம் கடுதாசியக் காணலியேன்னு நாலு பேருதான் கெளம்பலாம்னு இருந்தோம். படத்தப் பாத்ததும் பதினாலு பேரு வந்துட்டோம்லா!"

"மச்சான், ஹாலை நல்லாப் பாருங்க. படத்துல இருக்கிற மாதிரியா இருக்கு?"

"இம்புட்டுப் பேரு நிக்கோம்லா? உக்காந்தா சரியாயிரும்."

காந்திமதியை முறைத்தேன்.

"நீங்க எழுதுனதுல ஒரு எழுத்து மாத்தலைங்க" என்றாள். "கவரு லேசா இருந்துச்சு. ஒரு படத்த வச்சேன்."

அதோடு விட்டாளா? "எல்லாரையும் சேத்து ஒரு படம் எடுங்க" என்றாள். மாட்டினேன் இருபத்தெட்டை. பின்னால் போனேன். பத்தவில்லை. கதவு மூலையில் மச்சானின் மாமியார். இன்னும் பின்னால் போனேன். வாசல் வந்தது, படி வந்தது, கடைசியில் மாமரத்தடிக்குச் சுற்றிப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆகா, பதினைந்து தலையும் அடங்கிவிட்டது! நடுவில் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு காந்திமதி. ஏழு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கே சந்தோஷமாகிவிட்டது. க்ளிக்!

"எல்லாரும் அடங்கிட்டீங்க! இருங்க, உள்ள வர்றேன்" என்றேன்.

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து காந்திமதி சொன்னாள்: "எதுக்குங்க உள்ள வந்துட்டு? உங்க பாயும் தலகாணியும் மாமரத்தடியிலதான் போட்டிருக்கு."