கன்னுக்குட்டி அண்ணாச்சி தேடிய முகம்

திருநெல்வேலி ஜில்லாவிலேயே மாட்டுக்குச் சன்னலோர இருக்கை கேட்டு டவுன் பஸ்ஸை நிறுத்தி வைத்த ஒரே மனிதர் எங்கள் கன்னுக்குட்டி அண்ணாச்சிதான். மாடு என்றால் துணியில் வரைந்த மாடு. கிருஷ்ணன் சிலைக்குப் பின்னால் தொங்கவிடும் திரையில் மாடும் கன்றும் தாமரையுமாக வரைவது அவர் தொழில். சீவலப்பேரியிலிருந்து அந்தச் சுருளை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார்.

“இன்னும் கண்ணே தொறக்கலையே அண்ணாச்சி, அதுக்குச் சன்னல் எதுக்கு?” என்று கேட்டேன்.

“காத்தாவது வாங்கட்டும்வே!”

திரையைக் கட்டிய பிறகுதான் கண்களை வரைவார். ஒரு மாடு கண் திறக்காமல் இருந்தாலும் அதன் முன் தீபாராதனை கூடாது என்பது அவர் சட்டம். பழைய வெல்வெட் திரையே போதும் என்ற பஜனை மடத்துத் தலைவரிடம் மல்லுக்கட்டி, அண்ணாச்சியை அழைத்து வந்தவன் நான்.

கிருஷ்ண ஜெயந்தியன்று மாலை ஆறு மணிக்குத் தீபாராதனை. ஐந்தரைக்குள் இருபத்தாறு மாடுகள் கண் திறந்துவிட்டன. மிச்சம், கூட்டத்தின் பக்கம் திரும்பி நிற்கும் ஒரே ஒரு கன்றுக்குட்டி. அண்ணாச்சி தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மத்ததெல்லாம் கிருஷ்ணனப் பாக்குது. இது மனுசனப் பாக்கப் போகுது. மொதல்ல பாக்குத மொகத்துல அவசரம் இருக்கக் கூடாது. அப்படி ஒரு ஆளு இங்கன வந்து நில்லுங்க.”

தலைவர் வந்து நின்று பல்லைக் காட்டினார்.

“நீரு மணியப் பாக்குதீரு. கன்னு மிரளும். தள்ளும்.”

அடுத்து அர்ச்சகர். கற்பூரத் தட்டோடு கால் மாற்றி மாற்றி நின்றதால் அவரும் தள்ளப்பட்டார். மணி ஐந்து ஐம்பது.

“போதும்வே, இத அவுத்துட்டு வெல்வெட்டக் கட்டுங்க!” என்று தலைவர் கத்தினார்.

இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். அண்ணாச்சியின் மூன்று மாத உழைப்பு. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றுவிட்டேன்.

“அவுக்க விட மாட்டேன். ஆறு ஆனா ஆகட்டும், ஏழு ஆனா ஆகட்டும்!”

அண்ணாச்சி துள்ளி எழுந்தார். “அங்கனயே நில்லும்வே! பைய இந்தப் பக்கம் திரும்பும்.”

திரும்பினேன். இரண்டே புள்ளிகள். கன்று என்னைப் பார்த்தது. தீபாராதனை மணி அடித்தபோது ஆறாக இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. நான்தான் அழுதுகொண்டிருந்தேன்.

போன தையில் அண்ணாச்சி காலமாகிவிட்டார். இந்தக் கிருஷ்ண ஜெயந்திக்கும் அதே திரையைக் கட்டினோம்; அந்தக் கன்றின் முன் அதே இடத்தில் போய் நின்றேன். நிற்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.