இருபத்தாறு மதிகளோடு சற்குணம் பொருதது

வாழ்க சற்குணம்! எட்டாம் வகுப்பின் நடுவழியில் புத்தகப்பையைத் துறந்தவளும், அயலார் குரல் கேட்டால் அடுக்களைக் கதவையே கேடயமாகக் கொள்பவளும், திருநெல்வேலியிலிருந்து அக்காள் வீட்டுக்கு வந்த மூன்றே மாதத்தில் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவின் வற்றல்மிளகாய் நெடியைத் தும்மாமல் வென்றவளுமாகிய அந்த முத்துக்கையெழுத்து வீராங்கனையின் புகழைப் பாடத் துணிந்தோம். கலைமகளே, துணை நிற்பாயாக. உனக்கு வேறு வேலை இருக்குமானால், மை சிந்தாமலாவது பார்த்துக்கொள்வாயாக.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு. உலகத்துப் பெரும்படைகள் கடல்களுக்கு அப்பால் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருக்க, காகிதப் பஞ்சம் திருவனந்தபுரத்து அலமாரிகள் வரைக்கும் வந்து நின்றது. அதுகண்டு அஞ்சிய ஆண்கள் கல்லூரி நூலகமும் பெண்கள் கல்லூரி நூலகமும், பழம்பகை மறந்த இரு வேந்தர்களைப்போல ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நூலகத்தில் உள்ள நூலை மற்றது வாங்கலாகாது. இரண்டு அலமாரியும் ஒரே அலமாரி. வேண்டுகிறவர் சீட்டு அனுப்பிப் பெற்றுக்கொள்க! சீட்டோ ஆசிரியர்க்கும் மாணவர்க்குமே உரியது. குமாஸ்தாவின் கொழுந்தியாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அந்தக் கொழுந்தியாளே நம் தலைவி. அக்காள் பொன்னம்மையின் கணவரான தாணுலிங்கம், ஆண்கள் கல்லூரி நூலகத்துக் குமாஸ்தா. அவர் தம் கல்லூரியிலிருந்து எடுத்துவந்த நாவல் ஒன்றின் முதல் பாகத்தை அவள் இருமுறை படித்து முடித்திருந்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் கதாநாயகியைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டி ஆற்றில் தள்ளிவிட்டு, ஆசிரியர் கூசாமல் 'முற்றும்' போட்டிருந்தார். அன்றுமுதல் சற்குணம் உண்ட சோறு உடம்பில் ஒட்டவில்லை. இரண்டாம் பாகம் அத்தானின் கல்லூரியில் இல்லை. அவர்கள் வாங்கினால் அவள் படிப்பாள். வாங்காவிட்டால் அந்தப் பெண் ஊழிக்காலம் வரை பெட்டிக்குள்ளேயே கிடப்பாள்.

இந்நிலையில், ஆண்கள் கல்லூரி புதிதாக வாங்க எண்ணிய நாற்பத்தொரு தமிழ் நூல்களின் பட்டியல், பெண்கள் கல்லூரி நூலகத்தைக் காத்துவந்த செல்லபாய் அம்மாள் பார்வையிட்டபின் திரும்பி வந்தது. அதை நல்ல கையெழுத்தில் பெயர்த்தெழுதித் தரும்படி தாணுலிங்கம் கொழுந்தியாளை ஏவினார்.

"அதுல உள்ளபடியே எழுது பிள்ளே. ஒண்ணும் கூட்டாண்டாம், குறைக்காண்டாம்."

அவள் பேனாவை வேலென ஏந்திப் பட்டியல் என்னும் களத்தில் புகுந்தாள். புகுந்தவள் திகைத்தாள். இருபத்தாறு நூல்களின் ஓரத்தில், நிரைநிரையாய் நின்ற வில்லாளரைப்போல, செல்லபாயின் கையெழுத்தில் 'மதி' என்ற ஒரே சொல் நின்றது! முப்பத்து மூன்றாம் வரியில் நின்ற அந்த நாவலின் இரண்டாம் பாகத்துக்கும் ஒரு மதி! மற்றப் பதினைந்துக்கும் ஒன்றுமில்லை. அரைகுறை எட்டாம் வகுப்பு இலக்கணம் அவளுள் சிங்கமெனச் சிலிர்த்தெழுந்தது. மதி: ஏவல் வினைமுற்று. 'மதிப்பாயாக' என்று பொருள். எத்தனை நல்ல அம்மாள்! ஆனால் என்ன சுருக்கம்! ஏழைச் சொல்லுக்கு ஆடை உடுத்துவது கற்றவர் கடமையல்லவா என்று, மதி நின்ற இடமெல்லாம் 'மதிக்கத்தக்கது. வாங்குக' என்றும், நில்லாத இடமெல்லாம் 'தள்ளுக' என்றும் எழுதி, முப்பத்து மூன்றாம் வரிக்கு மட்டும் அடியில் இரண்டு கோடும் இழுத்து, வெற்றிக்கொடி நாட்டியவளாய்ப் பேனாவை உதறினாள். அத்தான் அதைப் பாராமலே செல்லபாய் அம்மாளுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் மாலை, மிளகாய் மூட்டைகளின் நடுவே மூன்று தும்மல்கள் போர்ச்சங்கென முழங்க, கருங்குடையைத் தண்டாயுதம்போல் ஏந்திச் செல்லபாய் அம்மாளே வாசலில் வந்து நின்றார். சற்குணம் கதவுக்குப் பின்னால் பாய்ந்தாள்.

"இதென்ன பணி, தாணுலிங்கம் சாரே? எங்ககிட்ட உள்ள இருபத்தாறையும் நீங்க வாங்கணும். யாருகிட்டயும் இல்லாத பதினஞ்சையும் தள்ளணும். இதுக்குப் பேரா உடன்படிக்கை?"

"நீங்கதானே அம்மா எழுதி அனுப்பினது?"

"ஞான் எழுதினது மதி! மதின்னா மதிதான். ஒண்ணு உண்டு, அது போதும்னு! இத்தனை வருஷம் திருவனந்தபுரத்துச் சோறு தின்னுட்டு மதி தெரியாதா? நாளைக்கே பிரின்சிப்பாலைக் காணப் போறேன். இனி இந்தக் கூட்டும் வேண்டா, ஒண்ணும் வேண்டா."

கதவுக்குப் பின்னே பூமி பிளந்தது. வாய் திறந்தால் இரண்டாம் பாகம் போயிற்று. திறவாவிட்டால் அத்தான் போனார். அக்கணத்தில், ஐந்து பேர் கூடிய இடத்தில் தன் பெயரைக்கூடச் சொல்லியறியாத அந்த வீராங்கனை, கேடயத்தைக் கைவிட்டு வெட்டவெளியில் வந்து நின்று, மூவுலகும் அதிர, அதாவது பக்கத்தில் நின்றவர்க்கு மட்டும் கேட்குமாறு, முழங்கினாள்:

"நான்தான் எழுதினேன்."

பொன்னம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "அடுத்த வீட்டு மாதவியம்மைக்குக் காப்பி ஊத்தும்போதெல்லாம் 'மதி, மதி'ன்னு கையை மறிப்பாளே, அப்பவுமா ஏட்டி தெரியல்ல?"

"காப்பியை மதிக்கச் சொல்லுதாளோன்னு நெனச்சேன்க்கா."

செல்லபாயின் குடை தாழ்ந்தது. உதட்டோரம் ஒருமுறை துடித்தது. "இந்த முப்பத்து மூணுக்கு மட்டும் ரெண்டு கோடு எதுக்கு?"

"பெட்டி ஆத்துல மிதக்கு. அவ உள்ள இருக்கா."

அம்மாள் சிரித்த சிரிப்பில் மிளகாய் மூட்டைக்காரன் எட்டிப் பார்த்தான். "நாவலொண்ணும் ஞான் வாசிக்கிறதில்லை மோளே. ஆனா அந்தப் பேரு எங்க அலமாரியில கண்டிருக்கேன். பட்டியலை நேரே எழுதிக் கொடு. புஸ்தகத்தை என் பேருல எடுத்து அனுப்பறேன்."

பின்னர் நிகழ்ந்த துறவை எவ்வாறு உரைப்போம்! அன்று மாலையே அவள் மறுபட்டியல் எழுதினாள். தள்ளிய பதினைந்தையும் மீட்டு அரியணை ஏற்றினாள். இருபத்தாறு மதிகளையும் ஒவ்வொன்றாய் வீழ்த்தினாள். முப்பத்து மூன்றாம் வரியில் தன் கையாலேயே, நடுங்காமல், 'வாங்க வேண்டாம்' என்று பொறித்தாள். நூலகங்களின் கூட்டு பிழைத்தது, அத்தானும் பிழைத்தார். மறுநாள், பழந்தாளில் சுற்றிச் சணலால் கட்டிய பொதியொன்று தாணுலிங்கத்தின் கக்கத்தில் அமர்ந்து, ஆரியசாலையின் அரிசிக்கடைகளும் கயிற்றுக்கடைகளும் இருமருங்கும் நிரைத்து நிற்க, யானைமேல் வரும் திருமுடியென வீடு வந்து சேர்ந்தது. அதைக் கண்களில் ஒற்றி, கைகளைப் புடவைத் தலைப்பில் இருமுறை துடைத்து, சிறைமீட்கும் வெறியோடு பல்லாலேயே சணலைக் கடித்தறுத்து, 'பெண்ணே, அஞ்சாதே, இதோ வந்தேன்!' என்று நெஞ்சுக்குள் முரசறைந்தவாறு அட்டையைத் திறந்தாள் சற்குணம்.

பெண்கள் கல்லூரியிலும் முதல் பாகம்தான் இருந்தது.