புது பில்டர் போட்டது சிவப்பு லைட்டுக்குத் தெரியாது

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். மழை பெய்தால் மண் சரியுமோ என்று பயம், பெய்யாவிட்டால் ஏன் பெய்யவில்லை என்று பயம். (ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டது, பத்தாம் வகுப்பில் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில்தான் என்று என் தங்கச்சி தவமணி சொல்லுவாள்.) இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் பயப்படாமல் இருந்தேன். வினை அன்றைக்குத்தான் வந்தது.

ஹாலிஎலயில் வாடகைக்கு ஹயர் ஓட்ட ஒரு பழைய சின்னக் கார் வைத்திருக்கிறேன். பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து டிக்கியில் நாலு லீட்டர் கேன் ஒன்று நிரப்பியே இருக்கும். அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்பெனி பொருத்திய காற்றுப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒரு பில்டர் போட்டால், எஞ்சின் நன்றாக மூச்சு விடுமாம், பெட்ரோல் பாதியாகக் குறையுமாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மூக்கடைத்திருந்தால் நான்கூட மேடு ஏற முடியாதே. (எனக்கு உடனே புரிகிற விஷயங்களை நம்பக்கூடாது என்பது பிறகுதான் புரிந்தது.)

சிவப்பாக ஒன்றை வாங்கி, பண்டாரவளையில் தெரிந்த கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ்காரரை நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, காத்து கூடப் போனா இதுல உள்ள கம்பியூட்டர் பெட்ரோலையும் கூட்டித்தான் விடும். சோத்தைக் கூடப் போட்டுட்டுக் கறியைக் கொறைக்க ஏலுமா?"

"வீடியோவுல காட்டினாங்க நானா."

"வீடியோவுல நானும் பறப்பேன். சரி, பூட்டித் தாறேன். பழைய பெட்டியை மட்டும் வீசிராதீங்க."

நானும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பண்டாரவளையிலேயே டேங்கை விளிம்பு வரை நிரப்பினேன். ஹாலிஎல வந்ததும் மறுபடி நிரப்பச் சொன்னேன். ஒரு லீட்டர்கூடப் பிடிக்கவில்லை. பெட்ரோல் செட்காரர், இதுக்கா வந்தாய் என்பதுபோல் பார்த்தார். வீட்டுக்கு வந்து கலண்டரின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். வந்த விடையைப் பார்த்து, சந்தோஷத்தில் எனக்கே கண் கலங்கியது.

அடுத்த வாரம் தவமணிக்கு இன்டர்வியூ. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர் வேலை, ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது. எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் ஆள் அவள். அந்தத் தோட்டத்தில்தான் அம்மா இருபது வருடம் கொழுந்து எடுத்தாள். அந்த ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாளே தவிர உள்ளே போனதில்லை. பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க ஹயர் ஓடியும் நான் மறுபடி பெட்ரோல் அடிக்கவில்லை. புறப்படும்போது டிக்கியிலிருந்த கேனை இறக்கி வைத்தேன்.

"ஏண்ணே அதை எறக்குற?"

"வெயிட்டு. அது இருந்தா பெட்ரோல் கூடப் போகும். இனிமே அது தேவையில்ல."

"நீயா பேசுற?" என்றாள். நெற்றியில் கை வைத்தும் பார்த்தாள்.

தெமோதரை தாண்டி மேலே ஏற ஆரம்பித்ததும் கார் உறுமியது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், பஸ் வருகிறதென்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் மிதித்தேன்.

"அண்ணே, பெட்ரோல் சிவப்பு லைட் எரியுது."

"அதுக்குப் புது பில்டர் போட்டது தெரியாது. பழைய கணக்குல எரியுது."

இதை நான் வாயால் சொன்னேன். மறுக்கவில்லை.

நாலாவது வளைவில் உறுமல் இருமலானது. பிறகு அதுவும் நின்றது. மணி பத்தரை. அந்த ரோட்டில் இனி மத்தியானம் வரை பஸ் கிடையாது. தவமணி மணியை ஒருமுறை பார்த்தாள். பைலை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. நான் அதுவரை சேமித்து வைத்திருந்த பயமெல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது.

கால் மணிநேரத்தில் கீழேயிருந்து ஒரு கொழுந்து லொறி வந்தது. டிரைவர் ராமையா அண்ணன் விஷயத்தைக் கேட்டார். பண்டாரவளையிலிருந்து ஹாலிஎலக்கு வந்து அளந்த கதையைச் சொன்னேன்.

"பண்டாரவளையில இருந்து எறங்கினீங்களா? அந்த எறக்கத்துல என் லொறியே தண்ணியில ஓடும் தம்பி. நீங்க பில்டரை அளக்கல, பள்ளத்தை அளந்திருக்கீங்க." தவமணியைப் பார்த்து, "நீ முன்னால ஏறு தாயி. அவரு பின்னால வரட்டும். தம்பி, சாக்கு மேல ஒக்காந்துறாதீங்க, கொழுந்து நசுங்கிடும்."

கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன். ஆபீஸ் வாசலில் மணி பதினொன்றுக்கு மூன்று நிமிடம்.

உள்ளே நடந்தது அவள் சொல்லித்தான் தெரியும். தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை, லொறி ஓடிய கணக்குத்தாள் ஒன்றைக் கொடுத்தாராம். இரண்டு நாள், ஒரே தூரம், ஒரு நாள் மட்டும் டீசல் மிக அதிகம். என்ன கோளாறு என்று கேட்டாராம். முன்னால் போனவர்கள் எல்லாரும் டிரைவர் களவெடுத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். (நம் ஊரில் எதற்கும் முதலில் கிடைக்கிற விடை அதுதான்.)

"ஒரு நாள் லோட்டோட ஏறியிருக்கும், ஒரு நாள் வெறும் லொறியா எறங்கியிருக்கும். ஏத்தமா எறக்கமான்னு எழுத இந்தத் தாள்ல எடமே இல்லீங்களே" என்றாளாம் தவமணி.

வேலை கிடைத்தது. இப்போது அந்தத் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.

நான் பிறகு ஏற்றமும் இறக்கமுமாகப் போய் வந்து ஒழுங்காக அளந்தேன். முன்பைவிடக் கொஞ்சம் கூடவே குடித்தது. சத்தத்துக்கு ஆசைப்பட்டு மிதித்தது ஒரு காரணம். பெட்டி இல்லாததால் எஞ்சின் சூட்டுக் காற்றையே அது இழுத்தது இன்னொன்று என்று நானா சொன்னார். பழைய பெட்டியை மறுபடி பூட்டும்போது அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. சிவப்புக் கூம்பு இப்போது தவமணியின் ஆபீஸ் மேசையில் பேனா குத்தி வைக்க உதவுகிறது.

வீட்டில் நான் எதை உறுதியாகச் சொன்னாலும் ஒரே கேள்விதான். போன மாதம் டாக்டரிடம் போய்விட்டு வந்து, "பிரஷர் நல்லாக் கொறைஞ்சிருக்காம்" என்றேன்.

"ஏத்தத்துல அளந்ததா, எறக்கத்துல அளந்ததா?" என்றாள் தவமணி, அடுப்படியிலிருந்து.

டாக்டரின் டிஸ்பென்சரி எங்கள் வீட்டுக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறது. நான் பேச்சை மாற்றினேன்.